நூலகத் தளம் விழுந்த அன்று பஸ் ஓடவில்லை

அரசுப் பேருந்து ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த அந்த நாட்களில் வேலைக்குப் போய்ச் சேருவதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது. வீடு சூலூரில். நான் நூலகராக இருந்த கிளை நூலகம், கருமத்தம்பட்டியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஒரு பேரூராட்சியில். அவினாசி சாலையில் தனியார் பேருந்துகள் ஓடத்தான் செய்தன. படிக்கட்டில் கால் வைக்க இடமில்லாமல் ஆட்கள் தொங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் நான் போக வேண்டிய ஊருக்குள் வருவது அரசு டவுன் பஸ் மட்டும்தான். அது நின்றதும் அந்த ஊரும் சுற்றியிருந்த குடியிருப்புகளும் வெளியுலகத்தோடு தொடர்பில்லாத மாதிரி ஆகிவிட்டன.

என் கணவர் பம்பு கம்பெனியில் வேலை செய்கிறார். ஷிஃப்டுக்குப் போகும் முன் என்னை வண்டியில் கருமத்தம்பட்டியில் இறக்கிவிட்டுத் திரும்புவார். அங்கிருந்து யாராவது ஏற்றிக்கொண்டால்தான் உண்டு. தறிகளுக்கு நூல் கோன் மூட்டை ஏற்றிப் போகும் மினி வேன்காரர்கள் பெரும்பாலும் நிறுத்துவார்கள். மூட்டைக்கும் கதவுக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, இறங்கும்போது புடவையெல்லாம் பஞ்சாக நூலகத்துக்குப் போவேன்.

போனால் நூலகத்தில் ஆள் இருக்காது. எங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள். ஊருக்கு வெளியே இருக்கும் காலனிகளிலிருந்து வருகிறவர்கள். அப்பாவுக்குத் தோட்ட வேலை, அம்மாவுக்கு மில் வேலை, இவர்கள் கல்லூரி முடித்துவிட்டுத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, நூலகத்திலும் கட்டணம் இல்லை. இரண்டும் சேர்ந்துதான் அவர்களை அங்கே கொண்டுவந்தன. காலையில் வந்தால் மாலைவரை இருப்பார்கள். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து பின்பக்க மரத்தடியில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்காருவார்கள்.

அவர்கள் உட்காருவது நடுவில் கிடந்த நீளமான மர மேசையில். அதற்கு நேர் மேலேதான் ஒழுங்காகச் சுற்றுகிற ஒரே மின்விசிறி. அந்த விசிறியைச் சுற்றி மேல்தளத்தில் ஈரக்கறை படர்ந்திருந்தது. மழைக்காலத்தில் சொட்டும், வாளி வைப்பேன். பழுது பார்க்கச் சொல்லி வருடா வருடம் எழுதினேன். கட்டடம் பேரூராட்சியுடையது என்று எங்கள் துறை சொல்லும். நூலகம் உங்கள் துறையுடையது என்று பேரூராட்சி சொல்லும். ஒருமுறை யாரோ வந்து ஒரு குச்சியால் தளத்தைத் தட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று காலையும் யாரும் வரவில்லை. கூட்டிவிட்டு, பேப்பர்களை எடுத்து வைத்துவிட்டு, என் இருக்கையில் புழுக்கமாக இருந்ததால் அந்த நீள மேசைக்கே வந்து உட்கார்ந்தேன். புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் சீட்டு ஒட்ட ஆரம்பித்தேன். வெளியே ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரென்று பார்க்காமலே தெரியும்.

அவரை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன். தோட்டமும் தறிப்பட்டறையும் உள்ள குடும்பம். எல்லாப் பொறுப்பையும் மகனிடம் விட்டுவிட்டு, தினமும் பேப்பர் படிக்க எங்களிடம் வந்துவிடுவார். மிகவும் நல்ல மனிதர். என் மகளுக்குக் காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தபோது, கேட்காமலே காரை அனுப்பி வைத்தவர். ஆனால் நூலகத்துக்கு உள்ளே வரமாட்டார். முன் வராந்தாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே புழுக்கமாக இருக்கிறது, இங்கே நல்ல காற்று வருகிறது என்பார். நான் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

அன்றும் வராந்தாவிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, பேப்பர் வந்துருச்சுங்களா?"

கையில் ஒட்டியிருந்த பசையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பஸ் எப்போது ஓடும் என்று அதில் போட்டிருக்கிறதா என்று கேட்டார். பேச்சுவார்த்தை முடியவில்லையாம் என்று சொன்னேன். அப்போதுதான் அது நடந்தது. சத்தம் காதில் கேட்பதற்கு முன் காலில் தெரிந்தது. தரை அதிர்ந்தது. வாசல் வழியாகப் புழுதி வெள்ளையாக வெளியே வந்து எங்கள் இருவர் மேலும் படிந்தது. அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. ஊரில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் தறிச் சத்தம்கூட என் காதில் விழவில்லை.

புழுதி அடங்கியதும் உள்ளே எட்டிப் பார்த்தேன். தளத்தின் நடுப்பகுதி பெயர்ந்து விழுந்திருந்தது. துருப்பிடித்த கம்பிகள் தொங்கின. மேசை நடுவில் முறிந்து இரண்டு பக்கமும் சரிந்து கிடந்தது. விசிறி, இறக்கை மடங்கி, சிமெண்டுப் பாளங்களுக்கு அடியில் கிடந்தது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகு மட்டும் தெரிந்தது.

ஐயா என் தோளைப் பிடித்து அவருடைய நாற்காலியில் உட்கார வைத்தார். ஸ்கூட்டரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை, மூச்சை இழுத்து விடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. மனதுக்குள் அந்த மேசையைச் சுற்றி யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று ஓடிக்கொண்டே இருந்தது. கணக்குப் போடும்போது பேனாவைக் கடிக்கிறவள் சன்னல் பக்கம். அடுத்து, வாய்விட்டுப் படித்துவிட்டு மற்றவர்களிடம் திட்டு வாங்குகிறவள். சென்ற மாதம் கல்யாணம் நிச்சயமானவள் விசிறிக்கு நேர் கீழே. பஸ் ஓடியிருந்தால் அந்த நேரத்துக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

துறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூரிலிருந்து வர பஸ் இல்லை, ஸ்ட்ரைக் முடிந்ததும் வந்து பார்க்கிறோம், பூட்டி வையுங்கள் என்றார்கள். பேரூராட்சி அலுவலகம் பக்கத்துத் தெருவில்தான். அங்கிருந்து செயல் அலுவலர் நடந்தே வந்தார். வெளியூர்க்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர். வாசலில் நின்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். எப்போது சரி செய்வீர்கள் என்று கேட்டேன்.

"நல்ல வேளை மேடம், யாருக்கும் ஒண்ணும் ஆகல. யாராவது அடிபட்டிருந்தா அவசர வேலைன்னு போட்டு உடனே எடுத்துரலாம். இப்போ வரிசையிலதான் வரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. விதியைச் சொன்னார். வரிசை எவ்வளவு நீளம் என்று கேட்டேன். சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் எல்லாம் இருக்கிறது, நிதி இல்லை, அதுவரை புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்துவிடலாம் என்றார்.

அன்று எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு, யாராவது அடிபட்டிருந்தால் என்ற அந்த வாக்கியத்தையே கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, இதை ஊர்க்காரர்கள் கேட்க வேண்டும், நீ கேட்டால் எடுபடாது என்றார்.

அது சரியென்று பட்டது. அடுத்த வாரம் பேரூராட்சி மன்றக் கூட்டம் இருந்தது. நான் அரசு ஊழியர், மன்றத்தில் நின்று எதையும் கேட்க முடியாது. வாசகர்கள் கேட்கலாம். பூட்டிய நூலகத்தின் வராந்தாவில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தெருத்தெருவாக நடந்தேன். வீட்டு வரியோடு நூலக வரி என்று தனியாக வாங்குகிறார்கள் என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு வீட்டில் ரசீதைக் கொண்டுவரச் சொல்லி அந்த வரியைக் காட்டினேன். இத்தனை வருசமா கட்டிட்டு இருக்கறமுங்களா என்று அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கூட்டத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டால், தறி நின்றுவிடும், கரண்ட் இருக்கும்போதே ஓட்ட வேண்டும் என்றார்கள்.

நான் பெரிதாக நம்பியது ஐயாவைத்தான். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. மன்ற உறுப்பினர்களில் பாதிப் பேர் அவருக்குச் சொந்தம். வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்து உட்கார வைத்தார். அந்தத் தளம் விழுந்ததை நேரில் பார்த்தவர், அவரைவிட வேறு யார் சொல்ல முடியும் என்றேன். கண்டிப்பாக வந்து பேசுகிறேன் என்றார். பேசவும் செய்தார்.

தேர்வுக்குப் படிக்கிற பெண்களில் ஒருத்தியின் எண் என்னிடம் இருந்தது. அந்தப் பேனா கடிக்கிறவள். அவளிடம் நடந்ததைச் சொன்னேன். கூட்டத்துக்கு முடிந்தால் வா, பஸ் இல்லாததால் கட்டாயம் இல்லை என்றேன்.

கூட்டத்தன்றும் பஸ் ஓடவில்லை. மன்ற அறையின் பின்வரிசை பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். கூட்டம் தொடங்கும் நேரத்துக்கு வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் வந்திருந்தார்கள். துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் வெயிலில் கறுத்து. கூட இரண்டு அம்மாக்கள், மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு. தார் ரோட்டில் நடந்தே வந்திருக்கிறார்கள். அத்தனை தூரத்தை நடக்க முடியும் என்றே நான் நினைத்ததில்லை. பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தேன். பாதிப் பேர் சுவரோரம் நின்றார்கள்.

தலைவர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். நூலக விஷயம் வந்தபோது, பொதுமக்கள் யாராவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். ஐயா எழுந்தார். அன்று நடந்ததை அப்படியே சொன்னார். அம்மணி எழுந்து வெளியே வராமல் இருந்திருந்தால் இன்று உயிரோடு இல்லை என்றார். என் வேலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். வேறு எந்த வேலையை நிறுத்தியாவது நூலகத்துக்கு நிதி ஒதுக்க வேண்டும் என்றார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். அவர் உட்காரப் போனவர், நின்று, இன்னொன்றும் சொன்னார்.

"நான் குத்தமாச் சொல்லலீங்க. இந்தப் புள்ளைங்க நல்லாப் படிக்கட்டும். கட்டறதுதான் கட்டறோம், பின்னாடிப் பக்கம் அவங்களுக்குன்னு ஒரு ரூம் சேத்துப் போட்டுட்டா, அவங்களுக்கும் சௌகரியம், நம்ம ஊட்டு ஆளுங்களும் உள்ள வந்து உக்காந்து படிப்பாங்க பாருங்க."

குரலில் துளிக் கோபம் இல்லை. கல்யாணப் பந்தியில் இலை போடச் சொல்கிற மாதிரி, அத்தனை பதவிசாகச் சொன்னார். அதற்கும் சிலர் தலையாட்டினார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. வராந்தாவில் அவர் உட்கார்ந்திருந்தது காற்றுக்காக இல்லை. அத்தனை வருடமும் அந்த மேசையில் அவர்களோடு உட்காராமல் இருக்கத்தான் வெளியே உட்கார்ந்திருந்தார். நான் தினமும் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவர் அப்படி வெளியே உட்கார்ந்து கூப்பிட்டதால்தான் நான் எழுந்து போனேன், பிழைத்தேன். இதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

பின்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்களின் மூச்சு என் கழுத்தில் படுகிற மாதிரி இருந்தது. எழுந்தேன். பேசக் கூடாது என்று தெரியும்.

"நூலகத்துல தனி ரூம் கெடையாதுங்க. எல்லாருக்கும் ஒரே எடந்தானுங்க" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

செயல் அலுவலர் என்னைப் பார்த்து உட்காரும்படி சைகை செய்தார். தலைவர் அவரைப் பார்க்காமல், சுவரோரம் நின்றவர்களைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். அந்தப் பேனா கடிக்கிறவள் முன்னால் வந்தாள். துப்பட்டா முனையைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"பஸ் ஓடிருந்தா அது எங்க மேலதானுங்க உழுந்திருக்கும். நாங்க புதுசா ரூம் கேக்கலீங்க. அந்த எடத்தையே, உழுகாத மாதிரி கட்டிக் குடுங்க. போதுமுங்க."

வேறு எதுவும் சொல்லாமல் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐயா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் நான் எதையோ தேடினேன். அங்கே லேசான வியப்பு மட்டும்தான் இருந்தது, தான் சொன்னது எப்படித் தப்பாகப் போனது என்கிற மாதிரி.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நூலகத் தளத்தை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது, அது முடியும்வரை பழைய சமுதாயக்கூடத்தில் நூலகம் நடத்துவது என்று தீர்மானம் எழுதச் சொன்னார். பின்பக்க ரூம் என்று ஒரு உறுப்பினர் ஆரம்பித்தார். அது இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அவ்வளவுதான். கேட்ட நிதி கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வர வேண்டிய நேரம். வரவில்லை.

வெளியே வந்தபோது நல்ல வெயில். ஐயாவின் மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ஐயா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பஸ் இல்லீங்களே அம்மணி. இந்த வெயில்ல எங்க போயி நிப்பீங்க? வாங்க, சூலூர்ல கொண்டுபோயி உட்டுட்றனுங்க."

தளம் விழுந்த அன்று எனக்குத் தண்ணீர் கொடுத்த அதே முகம். அதே கரிசனம், கொஞ்சமும் பொய் இல்லாதது. வேண்டாம், நான் இவர்களோடு நடக்கிறேன் என்றேன். இவர்கள் என்று நான் சொன்னதும் அவர் அந்தப் பக்கம் பார்த்தார். சரிங்க, பாத்துப் போங்க என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். கார் தூசி கிளப்பாமல் மெதுவாகத்தான் போனது. நடந்துபோகிறவர்கள் மேல் தூசி படக் கூடாது என்று மகனிடம் சொல்லியிருப்பார். அப்படிச் சொல்கிறவர்தான்.

அந்தப் பெண்களின் ஊர் பிரியும் இடம்வரை சேர்ந்து நடந்தோம். அவர் சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் தாங்க முடியாமல், உங்களுக்கு அதிர்ச்சியாக இல்லையா என்று கேட்டுவிட்டேன். வாய்விட்டுப் படிக்கிறவள் சிரித்தாள். இல்லீங்க மேடம், அவர் அதுக்குத்தான் வெளிய உக்காருவாருன்னு மொத நாளே தெரியுமுங்க என்றாள். மற்றவர்கள், தேர்வில் நடப்பு நிகழ்வுகளுக்கு எந்த மாதம்வரை படிக்க வேண்டும் என்ற பேச்சுக்குப் போய்விட்டார்கள். நான் அவர்கள் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

அதற்கடுத்த சில நாட்களில் வேலைநிறுத்தம் முடிந்தது. மன்றக் கூட்டத்தில் பேசியது ஏன் என்று துறையிலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். மேற்கொண்டு எதுவும் வரவில்லை. மேலதிகாரி மட்டும் போனில், எதற்கம்மா உனக்கு இந்த வேலை என்று சலித்துக்கொண்டார். சமுதாயக்கூடத்தில் சிமெண்டுத் தரையில் பாய் விரித்து நூலகம் நடத்தினோம். மழைக்கு முன் புதுத் தளம் போட்டு முடித்தார்கள். துறையும் புது மேசை அனுப்பியது. மேசை வந்த அன்று, அந்தப் பெண்கள் யார் எங்கே உட்காருவது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். தேர்வை எழுதினார்கள். யாருக்கும் அந்த முறை வேலை கிடைக்கவில்லை. மறுபடி படிக்கிறார்கள்.

ஐயா அதன் பிறகு நூலகத்துக்கு வரவில்லை. கோபத்தினால் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் எதிர்ப்பட்டபோது, தானே வந்து என் மகளின் படிப்பைப் பற்றி விசாரித்தார். மகன் செல்போனில் பேப்பர் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டானாம், கண்ணுக்கு நல்லதில்லை என்றாலும் பழகிவிட்டதாம். நானும் பதிலுக்கு அவர் உடம்பைப் பற்றி விசாரித்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் கண் மண்டபத்தின் தளத்தில் விரிசல் இருக்கிறதா என்று தேடியது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் அப்படித்தான்.

போன வாரம் சென்னிமலைப் பக்கத்திலிருந்து ஒரு நூலகர் போன் செய்தார். முன்பின் தெரியாதவர். அவர்கள் கட்டடத்திலும் தளம் ஒழுகுகிறதாம், எங்களுக்கு நிதி கிடைத்ததாகக் கேள்விப்பட்டாராம். எப்படி வாங்கினீர்கள், யாரைப் பிடித்தீர்கள் என்று கேட்டார். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை. வாசகர்களை மன்றத்துக்கு அழைத்துப் போகச் சொன்னேன். எங்கள் ஊரில் யார் வருவார்கள் என்று அவர் இழுத்தார். ஒழுகுகிற இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டேன். படிக்கிற மேசை என்றார். மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த மேசையை அங்கிருந்து நகர்த்திப் போடுங்கள் என்றேன். நாளைக்குச் செய்கிறேன் என்றார். இப்போதே செய்யுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்றேன்.